படுக்கையில் கிடக்கும் நாட்களில் தசை கரையாமல் காப்பது எப்படி? குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், ரப்பர் தோட்டத்துச் சரிவில் கால் பிசகியவர்கள், பைக்கில் விழுந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் படுக்கையில் இருப்பார். தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து வீடுகளுக்குப் போய் இயன்முறை சிகிச்சை கொடுப்பது என் வேலை. அங்கே நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: எலும்பு கூடிவிட்டது, தையல் பிரித்தாயிற்று, ஆனால் ஆளால் எழும்ப முடியவில்லை. நோயைவிடப் படுக்கைதான் அவரை அதிகம் தளர்த்தியிருக்கும். இதில் பெரும்பகுதியை வீட்டிலேயே தடுக்கலாம். வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் மருத்துவர் ஏதாவது அசைவுக்குத் தடை சொல்லியிருந்தால் அதுதான் முதலில், இதெல்லாம் அதற்குப் பிறகு.

நாலைந்து நாள் படுத்திருந்தாலே தசை குறையுமா?

குறையத் தொடங்கிவிடும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்து அளந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. அவர்களுக்கு எந்த நோயும் இல்லை, சாப்பாடும் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது. காய்ச்சல், அறுவை சிகிச்சை, கிருமித் தொற்று எல்லாம் சேர்ந்து வந்தால் இழப்பு இன்னும் வேகமாக இருக்கும். தசையின் அளவைவிட அதன் வலு சீக்கிரம் குறையும் என்பதால், கால் பார்க்கப் பழையபடியே இருந்தாலும் நிற்கும்போது நடுங்கும்.

எல்லாத் தசையும் ஒரே மாதிரி கரைவதில்லை. நம்மை நிமிர்த்தி நிற்க வைக்கும் தசைகள்தான் முதலில் போகும். தொடையின் முன்பக்கம், பிட்டம், கெண்டைக்கால், முதுகு ஆகியவை அவை. கை அவ்வளவு சீக்கிரம் மெலியாது. அதனால்தான் படுக்கையில் இருப்பவர் நன்றாகக் கைகுலுக்குவார், கழிப்பறையில் உட்கார்ந்தால் எழும்ப முடியாமல் தவிப்பார்.

சும்மா இருந்தால் தசை ஏன் கரைய வேண்டும்?

தசையில் புரதம் தினமும் உடைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும். பாரம் தூக்குவதும் நிற்பதும் நடப்பதும்தான் கட்டும் வேலையைத் தூண்டுபவை. அவை நின்றால் கட்டுவது குறையும், உடைவது தொடரும். நோயால் உடம்பில் அழற்சி இருந்தால் உடைவதும் கூடும். வயதானவர்களுக்கு இன்னொரு சிக்கல். இளைஞனின் தசை கொஞ்சம் புரதம் கிடைத்தாலே கட்டத் தொடங்கும், 70 வயதுக்காரரின் தசைக்கு அதே தூண்டுதல் கிடைக்கக் கூடுதல் புரதம் வேண்டும். ஆனால் நம் வீடுகளில் வயதாக ஆகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறோம்.

டாக்டர் ரெஸ்ட் எடுக்கத்தானே சொன்னார்? அசைந்தால் தப்பில்லையா?

நான் அதிகம் மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான். மருத்துவர் ஓய்வு என்று சொன்னது பெரும்பாலும் அடிபட்ட இடத்துக்கு. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது முழு உடம்புக்கும் என்று ஆகிவிடுகிறது. வலது கால் முறிந்தவருக்கு இடது காலில் ஒரு குறையும் இல்லை, இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பல் தேய்ப்பதுகூடப் படுத்தபடி, சோறு ஊட்டிவிடுவது மகள். பாசம்தான், எனக்குத் தெரியும். "எழும்பாதீங்க, நான் எடுத்துத் தாறேன்" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லும் வீட்டில் அந்த மனிதருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இருபது அசைவுகள் போய்விடுகின்றன.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் நாலு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மூட்டு அசையக்கூடாது? அந்தக் காலில் பாரம் ஊன்றலாமா, ஊன்றலாம் என்றால் எவ்வளவு: தொட்டு வைக்க மட்டுமா, பாதிப் பாரமா, முழுதுமா? மடக்கவோ திருப்பவோ கூடாத நிலை ஏதும் உண்டா? எந்த நாளிலிருந்து உட்காரலாம், நிற்கலாம்? இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்த முதியவரைப் பல நேரங்களில் மறுநாளே நிற்க வைக்கிறார்கள். வீட்டில் மூன்று வாரம் கழித்து என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால்தான் தெரியும்.

இந்த நாலுக்கும் பதில் கையில் இருந்தால், தடை சொல்லாத எல்லாவற்றையும் அசைக்கலாம், அசைக்க வேண்டும்.

படுத்தபடியே என்னென்ன பயிற்சி செய்யலாம்?

ஒரு தோர்த்து (துண்டு) போதும். தோர்த்தை இறுக்கமாகச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். கால் நீட்டியபடி இருக்கட்டும். இப்போது முழங்காலால் அந்தச் சுருளைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் முழங்கால் சில்லு தொடைப் பக்கமாக மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும், தொடையின் முன்பக்கம் கட்டையாக இறுகும், குதிகால் கட்டிலிலிருந்து லேசாக எழும்பும். உங்கள் உள்ளங்கையைத் தொடைமேல் வைத்துப் பாருங்கள், இறுகவில்லை என்றால் அவர் இடுப்பால் தள்ளுகிறார் என்று அர்த்தம். 5 வரை சத்தமாக எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும். சத்தமாக எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். இப்படி 10 தடவை. முடிந்ததும் சுருளை எடுத்துவிடுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணையோ சுருளோ நாள் முழுக்கக் கிடந்தால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு நீட்ட வைப்பது பெரும்பாடு.

அடுத்தது பிட்டம். இரண்டு பிட்டத்தையும் ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கி 5 எண்ணித் தளர்த்துவது. யாருக்கும் தெரியாமல், தொலைக்காட்சி பார்த்தபடியே செய்யலாம். முழங்கால் மடக்கத் தடை இல்லாதவர்கள் பாதத்தைக் கட்டிலில் ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்கலாம். படுக்கையிலேயே மலப்பாத்திரம் வைக்க வேண்டியவர்களுக்கு இந்த ஒரு பயிற்சி பெரிய விடுதலை. தூக்கிவிடும் ஆளுக்கும் முதுகு தப்பும். இடுப்பு, தொடை எலும்பு முறிந்தவர்கள் மட்டும் இதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டுவது எல்லோருக்கும் தெரியும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை 20 தடவை ஆட்டினால் கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமல் ஓடும். ஆனால் இது தசையைப் பெருக்கும் பயிற்சி இல்லை. பாதம் மட்டும் ஆட்டிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

குதிகாலைக் கட்டிலில் இழுத்து முழங்காலை மடக்கி நீட்டுவது, காலை நேராகத் தூக்கி இறக்குவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துத் தோளுக்கு மேல் தூக்குவது, தடை இல்லாதவர்கள் எல்லாம் செய்யலாம். கைக்குக் கொடுக்கும் பயிற்சியைக் குறைவாக எண்ணாதீர்கள், நாளைக்கு வாக்கர் பிடித்து நடக்கப்போவது அந்தக் கைதான்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும்?

காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை, ஒவ்வொன்றையும் 10 தடவை என்று தொடங்குங்கள். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது. கடைசி இரண்டு மூன்று தடவை செய்யும்போது தசை சோர்ந்து உழைப்பது தெரிய வேண்டும். எளிதாக முடிகிறது என்றால் எண்ணிக்கையையோ பாரத்தையோ கூட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. மறுநாள் தசையில் லேசான வலி இருக்கலாம். மூட்டில் குத்துகிற மாதிரி வலி, வீக்கம் வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் போட்டு வதைப்பதைவிட நாள் முழுக்கப் பிரித்துச் செய்வது இவர்களுக்கு நல்லது.

கால் முழுக்க மாவுக்கட்டு. அந்தக் காலுக்கு ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும். கட்டுக்குள்ளேயே தசையை இறுக்கித் தளர்த்தலாம், மருத்துவர் சரி என்று சொன்னால். கட்டுக்கு வெளியே இருக்கும் கால் விரல்களைக் கண்டிப்பாக அசைக்க வேண்டும்.

அடுத்து சொல்வதைப் பலர் நம்புவதில்லை. கட்டு போடாத காலுக்கு நன்றாகப் பாரம் கொடுத்துப் பயிற்சி செய்தால் கட்டு போட்ட காலின் வலு இழப்பும் ஓரளவு குறைகிறது. நரம்பு மண்டலம் ஒரு பக்கம் கற்றதை மறுபக்கத்துக்கும் கொஞ்சம் கடத்துகிறது. கண்ணை மூடி, கட்டு போட்ட கால் தசையை முழு பலத்தோடு இறுக்குவதாக மனதில் நினைத்துப் பார்ப்பதுகூட வலு குறைவதை ஓரளவு தடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எதுவுமே செய்ய முடியாத முதல் வாரத்தில் இதைச் செய்யச் சொல்வேன்.

கட்டுக்குள் வலி மணிக்கு மணி கூடினால், விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால், மரத்தால், குளிர்ந்தால் காத்திருக்காதீர்கள். ராத்திரி என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆசானை வரவழைத்து எண்ணெய் போட்டுத் தடவினால் தசை கரையாது என்கிறார்களே?

வர்ம ஆசான்கள் வழிவழியாக வாழும் மண் இது. எங்கள் வீடுகளில் பிசகு என்றால் முதலில் தடவல்தான். எண்ணெய்த் தடவலால் வலியும் இறுக்கமும் குறையும், தூக்கம் வரும், படுத்துக் கிடப்பவருக்கு மனதுக்கும் இதமாக இருக்கும். அதை நான் மறுப்பதில்லை. ஆனால் தசை நிலைக்க வேண்டுமென்றால் அந்தத் தசையே சுருங்கிப் பாரத்தை எதிர்க்க வேண்டும். இன்னொருவர் கை அந்த வேலையைச் செய்ய முடியாது.

மூன்று இடங்களில் தடவல் ஆபத்து. எலும்பு இன்னும் கூடாத இடத்தில் வேண்டாம். முழங்கையில் அடிபட்ட பிறகு அழுத்தித் தடவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப் போவதுண்டு, அங்கேயும் வேண்டாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தடவினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரே போகலாம்.

என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும்?

பயிற்சி பாதி என்றால் சாப்பாடு மீதி. ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவு புரதம் போதும் என்பது பொதுக் கணக்கு. நோயிலோ காயத்திலோ இருக்கும் முதியவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது நாளுக்கு 72 முதல் 90 கிராம்.

இனி நம் வீட்டு நோயாளிச் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் கஞ்சி, சுட்ட பப்படம். மதியம் கொஞ்சம் சோறு, ரசம். மாலையில் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்), இரண்டு ரஸ்க். ராத்திரி மறுபடி கஞ்சி. எல்லாம் சேர்த்தாலும் 25 கிராம் புரதம் தேறுவது சிரமம். போதாததற்குப் பத்தியம் வேறு: மீன் ஆகாது, முட்டை சூடு, பயறு வாயு, தயிர் கபம். காயம் ஆறவும் தசை நிற்கவும் தேவையான நாலு பொருளையும் ஒரே மூச்சில் விலக்கிவிடுகிறோம். மருத்துவர் குறிப்பிட்டு விலக்கச் சொன்னதை மட்டும் விலக்குங்கள். மீன் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

நம்மூரில் இதற்கு வழி எளிது. குளச்சலிலும் முட்டத்திலும் கரையேறும் சாளை, அயிலை, நெத்திலியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. விலை கூடிய மீன்தான் சத்து என்று நினைக்க வேண்டாம், சாளை எதற்கும் குறைந்ததில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், ஒரு கரண்டி நிறைய வெந்த சிறுபயறில் 6 அல்லது 7 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம்.

ஒரு நாளுக்கு இப்படி வைத்துப் பாருங்கள். காலையில் இட்லியோ தோசையோ, கூடவே இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். மதியம் சம்பா அரிசிச் சோறு, மூன்று நாலு சாளை போட்ட குழம்பு, பயறு தோரன். மாலையில் அவித்த கடலை. ராத்திரி கஞ்சிதான் வேண்டும் என்றால் சரி, கஞ்சியே கொடுங்கள், ஆனால் சிறுபயறு தாராளமாகப் போட்டு, பக்கத்தில் ஒரு முட்டையோ மீனோ வையுங்கள். 70 கிராமைத் தாண்டிவிடும். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது முக்கியம். வேளைக்கு 25 கிராம் சுமார் கிடைத்தால் வயதான தசைக்கும் தூண்டுதல் போதும்.

மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் எங்கள் உயிர். மரச்சீனியில் மட்டும் புரதம் கிட்டத்தட்ட இல்லை, 100 கிராமுக்கு ஒன்று ஒன்றரை கிராம்தான். அதனால் கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள். கருவாட்டில் புரதம் நிறைய உண்டு, உப்பும் நிறைய உண்டு. பிரஷர் உள்ளவர்களுக்கு அது சரிவராது.

சாப்பிடவே பிடிக்கவில்லை என்பவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுங்கள். தட்டில் முதலில் முட்டையையும் மீனையும் சாப்பிடட்டும், சோறு பிறகு. புரதம் மட்டும் போட்டு மொத்தச் சாப்பாடு குறைந்தால், உடம்பு அந்தப் புரதத்தையே எரித்துவிடும். ஆகவே சோறும் எண்ணெயும் தேவையான அளவு இருக்கட்டும்.

நாங்கள் சைவம். என்ன செய்வது?

பால், தயிர், பயறு, கடலை, சுண்டல், உளுந்து, சோயா. தேங்காய்ப்பால் விட்ட உளுந்தங்கஞ்சி நம் பக்கத்தில் பழக்கமானதுதான், நோயாளிக்கு அருமையான உணவு. தானியமும் பருப்பும் சேர்ந்து வந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். அளவு மட்டும் அசைவக்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சோயா உருண்டையில் 100 கிராமுக்கு 50 கிராம் அளவு புரதம் இருப்பதால் வாரத்தில் சில நாள் அதைச் சேர்த்தால் கணக்கு எளிதாகச் சரியாகும்.

புரத பவுடர் வாங்கலாமா? சத்து பானம்?

சாப்பாட்டில் கணக்கு வந்துவிட்டால் பவுடர் தேவையில்லை. வாய் வழியாகக் கொஞ்சம்தான் இறங்குகிறது என்பவர்களுக்கு உதவும். விளம்பரத்தில் வரும் மால்ட் பானங்களில் பெரும்பகுதி சர்க்கரையும் மால்ட்டும்தான். டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

சிறுநீரகக் கோளாறு, சுகர் இருப்பவர்களுக்கு?

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மேலே சொன்ன புரத அளவைத் தாங்களாக எடுக்கக்கூடாது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) எவ்வளவு என்று பார்த்து மருத்துவர் சொல்லும் அளவே சரி. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்களுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கும். சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.

அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் அசையவே இல்லை.

முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தால் நல்லது என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அது பலனைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆகவே அவசரம் வேண்டாம், தாமதமும் வேண்டாம். மருத்துவர் உட்காரலாம் என்று சொன்ன நாளிலிருந்து கொஞ்ச நேரம், பல தடவை உட்கார வையுங்கள்.

அசையாத கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை. நல்ல கையால் செயலற்ற கையைக் கோர்த்துப் பிடித்து மேலே தூக்கச் சொல்லலாம். பாதம் தொங்கிப் போகாமல் கணுக்காலை நேராக வைத்துப் பழக்குங்கள். பக்கவாதம் வந்தவருக்குப் படுத்த நிலையில் எதையும் ஊட்டவே கூடாது. விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் வாய் வழி உணவு.

நான் வளைகுடாவில் இருக்கிறேன். அம்மாவுக்கு ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறோம். நான் என்ன செய்ய முடியும்?

இப்படிக் கேட்கும் பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. நல்ல ஹோம் நர்ஸ் என்றால் எல்லாவற்றையும் செய்து கொடுப்பவர் என்று நினைத்து ஆள் வைக்கிறோம். அவரும் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, தலைவாரி எல்லாம் பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்: அம்மாவால் முடிவதை அம்மாவே செய்யட்டும், நேரமானாலும் பரவாயில்லை. பல் தேய்ப்பது, முகம் கழுவுவது, தானே சாப்பிடுவது, துணி மடிப்பது, உட்கார்ந்து உள்ளி (வெங்காயம்) உரிப்பது எல்லாம் உட்காரும் தசைக்கும் கைக்கும் வேலைதான்.

தினமும் வீடியோ கால் போடுகிறீர்கள் இல்லையா, "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதோடு நிறுத்தாமல் "எங்கே, காலைத் தூக்கிக் காட்டுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். நான் போன வீடுகளில் மருந்துக்கு அசையாத அம்மாக்கள் பேரப்பிள்ளை கேட்டால் பத்துக்குப் பதினைந்து தடவை தூக்கிக் காட்டுகிறார்கள்.

முதன்முதலாக எழுந்து நிற்க வைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பல நாள் படுத்தவருக்கு நின்றதும் ரத்த அழுத்தம் விழுந்து தலைசுற்றும். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்காரட்டும். அந்த நேரத்தில் பாதத்தை ஆட்டட்டும். கண் இருட்டவில்லை என்றால் நிற்கலாம்.

கைப்பிடி உள்ள, உயரமான நாற்காலி எடுங்கள். சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகராது. தாழ்வாக இருந்தால் மடித்த போர்வையைப் போட்டு உயர்த்துங்கள். பிட்டத்தை நாற்காலியின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்து, பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால் விரலுக்கு மேல் வரும்வரை முன்னால் குனிந்து எழும்ப வேண்டும். நிமிர்ந்தபடியே எழும்பப் பார்ப்பதால்தான் பலர் மறுபடி தொப்பென்று உட்கார்கிறார்கள். உட்காரும்போதும் மெதுவாக, தசை தாங்கித் தாங்கி இறங்க வேண்டும். 5 தடவையில் தொடங்குங்கள். போர்வையை ஒவ்வொன்றாக எடுத்து உயரத்தைக் குறைப்பதுதான் முன்னேற்றம். எனக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்ல அனுமதி உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன்.

வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மழை நாளில் டைல்ஸ் திண்ணையில் நடக்க வைக்காதீர்கள்.

தசை குறைகிறதா, தேறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எடை பார்த்துத் தெரியாது. தசை போய்க் கொழுப்பு சேர்ந்தால் எடை அப்படியே நிற்கும். தையல்காரர் டேப் எடுத்து முழங்கால் சில்லுக்கு மேல் 15 செ.மீ. தூரத்தில் தொடைச் சுற்றளவை இரண்டு காலிலும் அளந்து, வாரம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். வீக்கம் இருந்தால் அளவு ஏமாற்றும். எழும்பத் தொடங்கியவர்களுக்கு 30 விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுவது இதைவிட நல்ல அளவு.

கரண்ட் வைத்தால் தசை வளருமா?

தசையைச் சுருங்க வைக்கும் மின்தூண்டல் கருவி, தானாக இறுக்க முடியாதவர்களுக்கு ஓரளவு உதவும். வலிக்கு வைக்கும் கருவி வேறு, இது வேறு. தானாக இறுக்க முடிகிறவர்களுக்குப் பயிற்சிதான் மேல். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் கூடாது.

பாட்டிக்கு 85 வயது. இனி எதற்குப் பயிற்சி என்று அவரைத் தொந்தரவு செய்ய வேண்டும்?

1990-ல் அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி வயது 90 உள்ள சிலருக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் கால் வலு இரு மடங்குக்கும் மேல் ஆனது. 85 வயதுக்காரர் நடந்து தேர்வடம் பிடிக்கப் போக வேண்டியதில்லை. தானே எழுந்து கழிப்பறைக்குப் போய்வர முடிந்தால் அவர் மானம் அவர் கையில் இருக்கும், படுக்கைப்புண்ணும் வராது. அதற்குத் தேவையான தசையை அந்த வயதிலும் திரும்பப் பெறலாம்.

கால் எலும்பு கூடிவிட்டது. ரப்பர் பால்வெட்டுக்கு எப்போது போகலாம்?

எக்ஸ்ரே சரி என்பது மட்டும் போதாது. படுத்த காலத்தைவிட வலு திரும்பும் காலம் அதிகம், பலருக்கு அது மாதக்கணக்கு. பால்வெட்டு என்றால் விடியும் முன் இருட்டில், ஈரச் சரிவில், மரத்துக்கு மரம் நடை, குனிவு, நிமிர்வு. அடிபட்ட காலில் மட்டும் 10 விநாடி நிற்க முடிகிறதா, அந்தக் காலை முதலில் வைத்துப் படி ஏறி இறங்க முடிகிறதா, பாதி குந்தி எழும்ப முடிகிறதா என்று பாருங்கள். மூன்றும் முடிந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முதலில் சமதளத்தில் குறைந்த மரங்களோடு தொடங்கலாம். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆடும் தளத்தில் நிற்கும் பயிற்சியும் சேர வேண்டும்.

எப்போது பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம், மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாவது, முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது. இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் அடிக்கும் நாளில் பயிற்சி வேண்டாம், புரண்டு படுப்பதும் பாதம் ஆட்டுவதும் போதும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும்.

பணம் கொடுத்து ஆள் வைக்க வசதி இல்லை. எங்கே போவது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். அங்கே வரும் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலும் போதும். நோயாளியை அழைத்துவர முடிந்தவர்கள் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம், மேற்குப் பக்கத்தவர்கள் தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளில் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வருகிற இயன்முறை மருத்துவர் பயிற்சியைச் செய்து காட்டும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அடுத்து வரும்வரை அதைப் பார்த்துத் தினமும் செய்ய வைக்கலாம்.